டிவில காட்டுற பொருளை நம்பி வாங்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நடுராத்திரி தூக்கம் வராம சேனல் மாத்திட்டே போனா ஏதோ ஒரு சேனல்ல ஒருத்தர் தக்காளி வெட்டிட்டே இருப்பாரு, பக்கத்துல ஒரு அம்மா வாயில கை வச்சு ஆச்சரியப்படுவாங்க, வாய் அசைவு ஒரு பக்கம் தமிழ் ஒரு பக்கம்னு "வாவ், இதை என்னால நம்பவே முடியல!"ன்னு டப்பிங் ஓடும். அரை மணி நேரம் ஓடுற அந்த விளம்பரத்தை தான் இங்க சொல்றேன். நானும் அதை பாத்து வாங்கி ஏமாந்திருக்கேன், நல்ல பொருளும் கிடைச்சிருக்கு. தெரிஞ்சவங்க என்கிட்ட திரும்ப திரும்ப கேக்குற கேள்விங்களுக்கு பதிலை இங்க மொத்தமா போட்டுட்டேன்.

சுத்தி வளைக்காம சொல்லுங்க, வாங்கலாமா வேண்டாமா?

பொருளை பொறுத்து. வெட்டுறது, துடைக்குறது, ஒட்டுறது மாதிரி கண்ணுக்கு தெரியுற வேலைய செய்யுற சின்ன சாமான்னா யோசிக்கலாம், தப்பில்ல. உடம்புக்குள்ள போய் ஏதோ பண்ணும், கொழுப்பை கரைக்கும், வலிய இழுத்துடும்னு சொல்றதெல்லாம் வேண்டவே வேண்டாம். இது ரெண்டுக்கும் நடுவுல தான் பெரிய கூட்டமே இருக்கு, அதாவது பொருள் வேலை செய்யும், சொன்னதுல பொய் இல்ல, ஆனா அதே வேலைய செய்ய வீட்டுல ஏற்கனவே ஒரு சாமான் கிடக்கும். பணம் அதிகமா போறது இந்த நடு கூட்டத்துல தான்னு எனக்கு தோணுது.

எல்லாமே ஏமாத்து வேலை தானே, இதுல நல்லது வேற இருக்கா?

இருக்கு. அமெரிக்காவுல 1949லயே வைட்டாமிக்ஸ் மிக்ஸிய பார்னார்டுங்கறவர் டிவில நின்னு நேரடியா அரைச்சு காட்டி வித்தாரு. அந்த பேர்ல இன்னைக்கும் மிக்ஸி வருது, நல்ல பேரும் இருக்கு. 1994ல குத்துச்சண்டை வீரர் ஜார்ஜ் ஃபோர்மேன் பேர்ல வந்த கிரில், அதாவது கறி சுடுற மின் அடுப்பு, எண்ணிக்கையில 10 கோடிக்கும் மேல வித்துச்சு, 1999ல அவரோட பேரை பயன்படுத்துற உரிமைக்கு மட்டுமே அந்த கம்பெனி 13.75 கோடி டாலர் குடுத்துச்சு. குப்பை பொருளா இருந்தா அவ்வளவு காலம் ஓடாது.

ரான் போபீல்னு ஒருத்தர், இந்த தொழிலுக்கே தாத்தா மாதிரி. அவங்க அப்பா செஞ்ச காய்கறி வெட்டுற கருவிய ஊர் ஊரா கடையில நின்னு வெட்டி காட்டி வித்தவரு. அந்த கருவி வெட்டுற வேகத்துக்கு டெமோவுக்கு காய்கறி மூட்டை தூக்கி கட்டுபடியாகலை, அதனால தான் டெமோவ படம் புடிச்சு டிவில போட ஆரம்பிச்சாங்கன்னு ஒரு கதை உண்டு.

ஆரம்பத்துல அமெரிக்க டிவில ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவு தான் விளம்பரம்னு கட்டுப்பாடு இருந்துச்சு. 1984ல அதை எடுத்துட்டாங்க. அப்புறம் தான் அரை மணி நேரம் முழுசா விளம்பரமே நிகழ்ச்சி வேஷத்துல வர ஆரம்பிச்சு, மத்த நாட்டுக்கும் பரவுச்சு. ராத்திரில ஏன் அதிகமா வருதுன்னா அந்த நேரத்துக்கு சேனல்ல ரேட் கம்மி. நமக்கும் அந்த நேரத்துல புத்தி கொஞ்சம் கம்மியா தான் வேலை செய்யும், அது அவங்களுக்கு போனஸ்.

டெமோவுல கண்ணு முன்னாடி வேலை செய்யுதே, அதுவும் பொய்யா?

பெரும்பாலும் பொய் இல்லங்க, அது தான் விஷயமே. உண்மை தான் காட்டுறாங்க, ஆனா எந்த உண்மைய காட்டணும்னு அவங்க முடிவு பண்றாங்க.

என் கதைய சொல்றேன். மேல மூடிய ஒரே அமுக்கா அமுக்குனா வெங்காயம் சின்ன சின்ன சதுரமா டப்பாவுக்குள்ள விழுற சாப்பர் ஒண்ணு வாங்கினேன். விளம்பரத்துல அந்த அம்மா ரெண்டு விரலால அமுக்கினாங்க, டக்குனு விழுந்துச்சு. நான் அரை வெங்காயத்தை வச்சு அமுக்கினேன், பாதி இறங்கி நின்னுடுச்சு, ரெண்டு கையயும் வச்சு உடம்பு பாரத்தை போட்டு அமுக்கினேன், டப்பா வழுக்கி மேடைய விட்டு கீழ போயிடுச்சு. அப்புறம் தான் புரிஞ்சுது, அவங்க வச்சது சின்ன வெங்காயத்துல கால்வாசி, அதுவும் தட்டையான பக்கம் கீழ இருக்கற மாதிரி. சரின்னு நானும் அப்படியே கால்வாசியா நறுக்கி வச்சேன், நல்லா தான் வெட்டுச்சு. ஆனா வெங்காயத்தை கால்வாசியா நறுக்க கத்திய எடுத்தாச்சு, பலகைய எடுத்தாச்சு, இன்னும் நாலு வெட்டு போட்டா கதை முடிஞ்சுது, இதுக்கு எதுக்கு இந்த டப்பா?

வெட்டி முடிச்சதும் கழுவுற வேலை. மூடில சீப்பு மாதிரி பல்லு பல்லா இருக்கும், ஒவ்வொரு பல்லு இடுக்குலயும் வெங்காய தோல் மாட்டிக்கும், பல்லு குத்துற குச்சிய வச்சு ஒவ்வொண்ணா நோண்டி எடுக்கணும். அந்த அரை மணி நேர விளம்பரத்துல அதை கழுவுற காட்சி ஒரு தடவை கூட வரலை! அன்னையில இருந்து நான் எந்த விளம்பரம் பாத்தாலும் அதுல எந்த காட்சி வரலைன்னு தான் பாக்குறேன். கழுவுறது வருதா, எடுத்து வைக்க எவ்வளவு இடம் வேணும்னு வருதா, ஆறு மாசம் கழிச்சு எப்படி இருக்குன்னு வருதா. வராது.

மூணாவது வாரம் மூடிய இணைக்குற அந்த பிளாஸ்டிக் கொக்கி விரிசல் விட்டுடுச்சு. டப்பா மட்டும் இருக்கு, அதுல இப்ப ஸ்க்ரூ, ஆணி போட்டு வச்சிருக்கேன்.

கருப்பு வெள்ளையில ஒருத்தர் எல்லாத்தையும் கொட்டி கவுத்துட்டு அழுவாரே, அவரை பத்தி சொல்லுங்க

எனக்கு ரொம்ப புடிச்ச ஆளு அவரு. சாதாரண கத்திய வச்சு ஒரு தக்காளி வெட்டத் தெரியாது, போர்வைய இழுத்தா காலு தெரியும், பாட்டில திறந்தா மூஞ்சில தெறிக்கும். அவர் வர்ற காட்சி தான் மொத்த விளம்பரத்துக்கும் அஸ்திவாரம். முதல்ல நமக்கு ஒரு பிரச்சனைய விக்கிறாங்க, அப்புறம் தான் அதுக்கு மருந்தை விக்கிறாங்க. அவர் படுற பாட்டை நாம கடைசியா எப்ப பட்டோம்னு மட்டும் யோசிச்சு பாருங்க. "போன வாரம்"னா பொருள் உங்களுக்கு தான். ஞாபகம் வரலைன்னா சேனலை மாத்துங்க.

ஒரு விதிவிலக்கு இருக்கு. கை நடுக்கம், மூட்டு வலி, ஒரு கைல மட்டும் வேலை செய்யணும்னு இருக்கறவங்களுக்கு அந்த பிரச்சனை நிஜம். ஜாடி திறக்குற கருவி, குனியாம கீழ கிடக்குறதை எடுக்குற குச்சி இதெல்லாம் பாத்து நாம சிரிப்போம், அவங்களுக்கு அது தினசரி தேவை.

"அடுத்த 15 நிமிஷத்துக்குள்ள கூப்பிட்டா மட்டும்"னு சொல்றாங்களே?

அது ரெக்கார்ட் பண்ண புரோகிராம். நீங்க எத்தனை மணிக்கு பாக்குறீங்கன்னு அதுக்கு எப்படி தெரியும்? நாளைக்கும் அதே 15 நிமிஷம் ஓடும்.

ஒண்ணு வாங்குனா இன்னொண்ணு ஃப்ரீ, இது லாபம் தானே?

கணக்கு போட்டு பாத்தா தான் தெரியும். ஸ்னக்கின்னு கை வச்ச போர்வை ஒண்ணு 2008ல வந்து அமெரிக்காவுல சக்கை போடு போட்டுச்சு. அதை வித்த ஆல்ஸ்டார் மார்க்கெட்டிங் குரூப் மேல வியாபார மோசடிய கவனிக்குற அமெரிக்க அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷனும் நியூயார்க் மாநிலமும் நடவடிக்கை எடுத்து, 2015ல 80 லட்சம் டாலர் கட்டுறதா ஒத்துக்கிட்டு அந்த கம்பெனி வெளிய வந்துச்சு. குற்றச்சாட்டு என்னன்னா, 19.95 டாலருக்கு ஒண்ணு வாங்குனா இன்னொண்ணு ஃப்ரீன்னு விளம்பரம், ஆனா அனுப்புற செலவு, பேக்கிங் செலவுன்னு ரெண்டுக்கும் தனித்தனியா 7.95 போட்டு கடைசியில பில் 35.85 வந்து நிக்கும். ஃப்ரீயா குடுத்ததுக்கும் சேத்து தான் அந்த செலவுல வாங்கிட்டாங்க.

அதனால போன் பண்ணாலும் சரி, சைட்ல ஆர்டர் போட்டாலும் சரி, ஒரே கேள்வி கேளுங்க: "என் வீட்டு வாசல்ல பொருள் வந்து இறங்கும்போது மொத்தமா நான் எவ்வளவு குடுத்திருப்பேன்?" இதுக்கு நேரா ஒரு நம்பர் சொல்லாம வழவழன்னா வச்சிடுங்க. அப்புறம் உங்களுக்கு ரெண்டு தேவையான்னும் யோசிங்க. தேவையில்லாத சாமான் ஒண்ணு இருந்தாலே இடைஞ்சல், அதுல ஜோடி வேற.

"இதோட மதிப்பு இவ்வளவு, ஆனா இன்னைக்கு உங்களுக்கு இவ்வளவு தான்"னு அடிச்சு அடிச்சு காட்டுறாங்கல்ல, அந்த முதல் விலைக்கு அதை யாரும் எங்கயும் வித்திருக்க மாட்டாங்க, அதை மறந்துடுங்க.

இடுப்புல பெல்ட் கட்டிட்டு டிவி பாத்தா தொப்பை குறையும்னு வருதே?

குறையாது. அதுல ரெண்டு ஜாதி இருக்கு, தனித்தனியா சொல்றேன்.

முதல் ஜாதி கரண்ட் அடிக்குற பெல்ட். சின்ன மின்சாரத்தை குடுத்து வயித்து தசைய சுருங்க வைக்கும், அது உண்மை தான், கட்டி பாத்தா துடிக்குறது தெரியும். பிசியோதெரபில கூட அந்த நுட்பத்தை வேற காரணத்துக்கு பயன்படுத்துறாங்க. ஆனா தசை துடிக்குறது வேற, மேல இருக்கற கொழுப்பு கரையுறது வேற. தசைய கொஞ்ச நாளைக்கு கொஞ்சம் இறுக்கமாக்கும்னு சில கருவிகளுக்கு அமெரிக்க மருந்து கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதி குடுத்திருக்கு, எடை குறைக்கும்னு எதுக்கும் குடுக்கலை. 2002ல ஏபி எனர்ஜைசர், ஏபிட்ரானிக், ஃபாஸ்ட் ஏப்ஸ்னு டிவில பறந்த மூணு பெல்ட் மேலயும் ஒரே நேரத்துல ஃபெடரல் டிரேட் கமிஷன் கேஸ் போட்டதே, உடற்பயிற்சி இல்லாம தொப்பை போயிடும்னு பொய் சொன்னாங்கன்னு தான்.

ரெண்டாவது ஜாதி சூடேத்துற பெல்ட். கட்டுனா வேர்க்கும், வேர்த்தா தண்ணி போகும், தராசுல ஏறி நின்னா கொஞ்சம் குறைஞ்சு காட்டும், ரெண்டு டம்ளர் தண்ணி குடிச்சா திரும்ப வந்துடும்.

இதுல இன்னொரு தந்திரம். விளம்பரத்துல அந்த பெல்ட்டை கட்டிட்டு நிக்குற ஆளுக்கு வயித்துல கட்டு கட்டா இருக்கும். அவரு அதை கட்டி தான் அப்படி ஆனாரா? ஜிம்முல வருஷக்கணக்கா கஷ்டப்பட்ட ஆளை கூட்டிட்டு வந்து கட்டி விட்டிருக்காங்க, அவ்வளவு தான். கீழ பொடி எழுத்துல "சரியான உணவும் உடற்பயிற்சியும் சேர்ந்தால்"னு ஒரு வரி ஓடும், அந்த ரெண்டும் சேந்தா பெல்ட்டே வேண்டாமே.

வலி போக்குற காப்பு, காந்த வளையம்?

கியூ ரேன்னு ஒரு காப்பு, அயனி (மின்னூட்டம் இருக்கற அணு) ஏத்தினது, போட்டா வலி போயிடும்னு வித்தாங்க. கேஸ் கோர்ட்டுக்கு போய், 2008ல மேல்முறையீட்டுலயும் கம்பெனி தோத்துச்சு. காப்புல அயனின்னு ஒண்ணுமே இல்ல. தீர்ப்பு எழுதின நீதிபதி கிண்டலே பண்ணிட்டாரு, இதுக்கு பதிலா 17வது பரிமாணத்துல இருந்து நல்ல ஜீவன்கள் வந்து வலிய போக்குதுன்னு சொல்லியிருந்தாலும் ஒண்ணு தான்ங்கற மாதிரி. "போட்டவங்களுக்கு மனசுக்கு நல்லா இருக்கே, அது போதாதா"ன்னு கம்பெனி வாதாடுச்சு, எடுபடலை. பொய் சொல்லி வித்தா பொய் தான்.

வலி இருந்தா டாக்டர்கிட்ட போங்க. காப்பு போட்டு ஆறு மாசம் தள்ளி போடுறதுல பணம் போறதை விட அந்த ஆறு மாசம் போறது தான் பெரிய நஷ்டம்.

வெள்ளை கோட்டு போட்ட டாக்டரே சொல்றாரே? பொருள் வாங்கினவங்களும் வந்து பேசுறாங்களே?

வெள்ளை கோட்டு எந்த துணிக்கடையிலயும் கிடைக்கும். பேசுறவங்க காசு வாங்கிட்டு பேசலாம், நிஜமாவே சந்தோஷப்பட்டவங்களாவும் இருக்கலாம், ஆனா 1000 பேர் வாங்கி அதுல 10 பேருக்கு புடிச்சிருந்தா அந்த 10 பேரை தான டிவில காட்டுவாங்க. கெவின் ட்ரூடோன்னு ஒருத்தரு, எடை குறைக்குறது ரொம்ப ஈஸின்னு தன்னோட புத்தகத்தை டிவில அவ்வளவு நம்பிக்கையா பேசி வித்தாரு. புத்தகத்துக்குள்ள இருந்ததோ கடுமையான பத்தியமும் ஊசியும். விளம்பரத்துல பொய் சொல்லக்கூடாதுன்னு கோர்ட் போட்ட உத்தரவை மீறினதுக்கு 2014ல அவருக்கு 10 வருஷம் ஜெயில். அவ்வளவு தெளிவா, சிரிச்ச முகமா பேசுற ஆளு அவரு. பேச்சை வச்சு எடை போட முடியாது.

ஷூவை வெட்டிட்டு தக்காளியும் வெட்டுற கத்தி?

அது ரம்பப் பல்லு வச்ச கத்தி. கடினமான பொருள் மேல படும்போது பல்லோட நுனி தான் தேயும், உள்ள வளைஞ்ச இடம் கூரா அப்படியே இருக்கும், அதனால தக்காளி தோலை கிழிச்சுடும். எந்த நல்ல ரம்பக் கத்தியும் அதை செய்யும், அதிசயம் இல்ல. ஆனா மழுங்கினா வீட்டுல தீட்டுறது கஷ்டம். 1978ல இந்த மாதிரி விளம்பரத்துல பேர் வாங்கின கின்சு கத்தி, பேரை கேட்டா ஜப்பான் மாதிரி இருக்கும், செஞ்சது அமெரிக்காவுல ஓஹையோவுல. "இருங்க இருங்க, இன்னும் இருக்கு!"ங்கற வசனத்தை ஊரெல்லாம் பரப்புனதுல அவங்களுக்கும் பங்கு உண்டு.

நான்ஸ்டிக் சட்டி?

புது நான்ஸ்டிக் சட்டி எதுல முட்டை போட்டாலும் வழுக்கும். பழைய சட்டில வழுக்குதான்னு தான் பாக்கணும், அதை காட்ட மாட்டாங்க. அதிக தீ, கம்பி நார், இரும்பு கரண்டி, இந்த மூணும் பட்டா எந்த கோட்டிங்கும் சீக்கிரம் போயிடும். கல்லு, வைரம்னு என்ன பேர் வச்சாலும் மேல பூசினது ஒரு மெல்லிசான படலம் தான்.

புடிக்கலைன்னா பணம் வாபஸ்னு சொல்றாங்க, அப்ப என்ன பயம்?

திருப்பி அனுப்புற செலவு யாருது? முதல்ல அனுப்பின கட்டணத்தையும் திருப்பி தருவாங்களா? 30 நாள்னா ஆர்டர் போட்ட நாள்ல இருந்தா, கைக்கு வந்த நாள்ல இருந்தா? பெட்டிய தூக்கி போட்டுட்டா எடுத்துப்பாங்களா? இந்த நாலையும் வாங்குறதுக்கு முன்னாடியே கேளுங்க. பெரும்பாலும் பொருளை திருப்பி அனுப்ப சோம்பேறித்தனம் பட்டு நாமளே விட்டுடுவோம், அவங்க கணக்கு போடுறதே நம்ம சோம்பேறித்தனத்தை வச்சு தான்.

சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். ஐரோப்பிய யூனியன்ல டிவி, போன் மூலமா வாங்கினா பொருள் கைக்கு வந்து 14 நாளைக்குள்ள காரணமே சொல்லாம பொதுவா திருப்பிடலாம், ஆனா சுகாதார காரணத்துக்காக சீல் பண்ணி வர்றதை பிரிச்சுட்டா முடியாது. உங்க ஊர்ல என்னன்னு பாத்து வச்சுக்கோங்க. முடிஞ்சா கார்டுல கட்டுங்க, தகராறு வந்தா பேங்க் மூலமா கேக்க ஒரு வழி இருக்கும். வந்த பெட்டிய ஒரு மாசத்துக்கு தூக்கி போடாதீங்க.

போன் பண்ணா என்ன கேப்பாங்க?

பேர், அட்ரஸ் முடிஞ்சதும் "இதோட இதையும் சேத்துக்கலாமா சார்"னு ஆரம்பிப்பாங்க. பெரிய சைஸ், கூடுதல் கேரண்டி, சுத்தம் பண்ற திரவம்னு ஒவ்வொண்ணா வரும். "வேண்டாம்"னு ஒரே வார்த்தை, காரணம் சொல்லாதீங்க, காரணம் சொன்னா அதுக்கு பதில் அவங்க பேப்பர்ல எழுதி வச்சிருப்பாங்க. க்ரீம், மாத்திரை மாதிரி தீந்து போற பொருள்னா மாசா மாசம் தானா அனுப்பி கார்டுல எடுத்துக்குற திட்டத்துல சேத்துட்டாங்களான்னு கண்டிப்பா கேளுங்க.

அம்மா தினமும் ஏதாவது ஆர்டர் போட்டுட்டே இருக்காங்க, என்ன பண்றது?

இதை என்கிட்ட நிறைய பேர் கேட்டிருக்காங்க. திட்டாதீங்க. எங்க வீட்டுலயும் நடந்துச்சு, பிரிக்காத பெட்டியே அஞ்சு ஆறு கட்டில் அடியில இருந்துச்சு. அம்மாவ கேட்டா "அந்த பொண்ணு எவ்வளவு அன்பா பேசுறா தெரியுமா"ன்னாங்க, ஆர்டர் எடுக்குற பொண்ணை தான் சொன்னாங்க. எனக்கு அப்ப தான் உறைச்சுது, வாங்கினது பொருளை இல்ல. நாங்க ராத்திரி 9 மணிக்கு தினமும் போன் பண்ண ஆரம்பிச்சோம், கூடவே "ஆர்டர் போடணும்னா பேரை எழுதி வைங்கம்மா, ஞாயித்துக்கிழமை சேந்து போடலாம்"னு ஒரு நோட்டு குடுத்தோம். ஞாயித்துக்கிழமை வரும்போது பாதிக்கு மேல அவங்களே கோடு போட்டு அடிச்சிருப்பாங்க.

அதே பொருள் வேற எங்கயாவது கிடைக்குமா?

டிவில நல்லா ஓடினா கொஞ்ச நாள்ல கடைக்கும் ஆன்லைனுக்கும் வந்துடும், விலையும் இறங்கும், கைல எடுத்து கனம் பாக்கலாம். ஆன்லைன்ல பாக்கும்போது அஞ்சு ஸ்டாரும் வேண்டாம் ஒரு ஸ்டாரும் வேண்டாம், மூணு ஸ்டார் போட்டவங்களை படிங்க, ஆறு மாசம் யூஸ் பண்ணிட்டு எழுதினவங்க அங்க தான் இருப்பாங்க. பேர் மாதிரியே போலியும் வரும், பாத்துக்கோங்க.

நீங்க வாங்கினதுல இன்னும் உபயோகத்துல இருக்கறது என்ன?

பக்கெட்ல சுத்தி பிழியுற மாப். நல்ல பொருள், முதுகு வலி இல்லாம வீடு துடைக்க முடியுது, காலால மிதிக்குற பெடல் ரெண்டாவது வருஷம் உடைஞ்சுது, இப்ப கையால அமுக்கி பிழியுறேன், துணிய மட்டும் மாத்திக்குறேன். அப்புறம் ஒரு டார்ச். அது நான் வாங்கினது இல்ல, அந்த வெங்காயம் வெட்டுற டப்பாவோட ஃப்ரீயா வந்துச்சு. ஏழு வருஷம் ஆச்சு, கரண்ட் போனா வீட்டுல எல்லாரும் தேடுறது அதை தான்.